பத்மநாபபுரம் கொட்டாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அருங்காட்சியகமாக மாறிய அரண்மனைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றியவை (அரண்மனையைத்தான் இந்தப் பக்கம் கொட்டாரம் என்பார்கள்). அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வருகிறோம். வழியில் அரண்மனையையும் பார்த்துவிட முடியுமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். ஆனால் 'வழியில் ஒரு எட்டு' என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கியதிலிருந்து வெளியே வரும்வரை குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு 3 மணி நேரம் ஆகும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் சுமார் 15 கி.மீ. போனால் தக்கலை. அங்கிருந்து பிரிந்து 2 கி.மீ. உள்ளே போனால் கோட்டைச் சுவர் தெரியும். அதற்குள்தான் அரண்மனை. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கி.மீ., திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 55 கி.மீ. பேருந்தில் வருகிறவர்கள் நாகர்கோவில் வடசேரியில் மார்த்தாண்டம் அல்லது களியக்காவிளை பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ரயிலில் வந்தால் பக்கத்து நிலையம் இரணியல். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. மாலை 4.30-க்கு முடிந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. பலர் இடறுவது இரண்டு இடங்களில். காலையில் கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்து, குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி 12.30-க்கு வந்து நிற்பது ஒன்று. அந்த நேரத்தில் உள்ளே போனால் அவசர அவசரமாக வெளியே வர வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் வாசலில் காத்திருக்க வேண்டும். சனி, ஞாயிறு கன்னியாகுமரியில் கழித்துவிட்டுத் திங்கட்கிழமை ஊர் திரும்பும் வழியில் இங்கே வருவது இன்னொன்று. திங்களன்று பூட்டிய வாசலைத்தான் பார்ப்பீர்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாள், காலை 9 மணிக்கு வாசலில் இருப்பதுதான் சிறந்தது. ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் கேரளத்திலிருந்தும் கூட்டம் வரும், அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு ஏன் பராமரிக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

இது திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணைந்தன. அரண்மனை இருப்பது கல்குளம் வட்டத்தில். ஊர் நம் பக்கம் வந்தது, அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. நுழைவுச்சீட்டு, ஊழியர்கள், பழுதுபார்ப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே அரசு விடுமுறை நாள்களில் வருவதாக இருந்தால் தமிழ்நாட்டு நாட்காட்டியை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மொழிச் சிக்கல் இராது. முக்கியமான அறைகளில் விளக்கம் சொல்ல ஊழியர்கள் நிற்பார்கள். தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார்கள்.

போன ஆண்டு பார்த்தேன். காலி அறைகளும் இருட்டுத் தாழ்வாரங்களும்தான் இருந்தன. எங்கள் ஊர்த் திருமலை நாயக்கர் மகாலின் பிரம்மாண்டம் இல்லை. எதற்காக இவ்வளவு புகழ்கிறார்கள்?
– வாசகி, மதுரை

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. நாயக்கர் மகாலைப் பார்க்கும் கண்ணோடு இங்கே வந்தால் அப்படித்தான் தோன்றும். 1636-ல் கட்டப்பட்ட அந்த மகால், வாசலில் நுழைந்ததும் முற்றத்தையும் ராட்சதத் தூண்களையும் ஒரே பார்வையில் உங்கள் முன் நிறுத்திவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தர்பார் அது. பத்மநாபபுரமோ மழை நாட்டில் மரத்தால் கட்டிய கொட்டாரம். ஒரே காலத்தில் கட்டியதும் இல்லை. வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய பெயர்) அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601 வாக்கில் தொடங்கியது என்பார்கள். தாய்க் கொட்டாரம் அதற்கும் முந்தையது என்று சொல்கிறவர்களும் உண்டு. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அதை விரித்துக் கட்டி, கல்குளம் என்ற பெயரைப் பத்மநாபபுரம் என்று மாற்றினார். 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தாம் பத்மநாபதாசனாக ஆள்வதாக அறிவித்தவர் அவர். பிறகு 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஆகவே இங்கே நீங்கள் பார்ப்பது பல தலைமுறைகள் ஒட்டி ஒட்டிக் கட்டிச் சேர்த்த ஒரு வீட்டுத் தொகுதி. பிரம்மாண்டத்தைத் தேடாதீர்கள். அண்ணாந்து பாருங்கள், குனிந்து பாருங்கள். கூரையும் தரையும்தான் இங்கே அருங்காட்சிப் பொருள்கள்.

மறுமுறை வரும்போது இப்படிப் பாருங்கள்.

பூமுகத்தில், அதாவது முன்வாசல் மண்டபத்தில், நுழைந்ததும் கல் கட்டிலை நோக்கி எல்லாரும் விரைவார்கள். நீங்கள் முதலில் நின்று மர விதானத்தைப் பாருங்கள். 90 தாமரைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சும்மா அண்ணாந்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு மூலையைத் தேர்ந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு பூக்களின் இதழ் எண்ணிக்கையையும் நடு மொட்டையும் ஒப்பிடுங்கள், அப்போது பிடிபடும். அங்கேயே குதிரை விளக்கு தொங்குகிறது. எந்தத் திசையில் திருப்பிவிட்டாலும் அந்தத் திசையிலேயே நிற்கும்படி சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். சங்கிலிக் கண்ணிகளின் அமைப்பைப் பாருங்கள், சூட்சுமம் அங்கேதான். தொட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டாம். சுவரில் இருக்கும் ஓணவில்கள், ஓணத்தின்போது மன்னருக்குக் காணிக்கையாக வந்த வண்ணம் தீட்டிய வில் வடிவப் பலகைகள். சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலியும் இங்கே இருக்கிறது.

அதற்கு மேல் மாடியில் மந்திரசாலை. இந்தத் தொகுதியில் ஒரே ஒரு அறையைத்தான் பார்க்க முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இடம். சாய்த்து அடுக்கிய மரச் சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. வண்ண அப்ரக (மைக்கா) தகடுகள் வழியாக வெளிச்சம் வடிகட்டி விழுகிறது. கறுப்புத் தரை அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. நடு வெயிலில் வந்தாலும் உள்ளே குளிர்ச்சி. 'இருட்டு' என்று உங்களுக்குத் தோன்றியது இதுதான். வெளியிலிருந்து வந்த கண் பழக 2, 3 நிமிடம் பிடிக்கும். கூட்டத்தோடு அரை நிமிடத்தில் கடந்துவிட்டால் இருட்டு மட்டும்தான் மிஞ்சும். ஓரமாக ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள்.

தாய்க் கொட்டாரம் நாலுகெட்டு. நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டு. அங்கே ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று நிற்கிறது, அதன் செதுக்கு வேலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முற்றத்தின் இறவாணம் (கூரையின் வெளி விளிம்பு) எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் நாடு இது. சாரல் சுவரையும் மரத் தூணின் அடியையும் தொடாமல் இருந்தால்தான் மரம் நிற்கும். கூரையைச் செங்குத்தாக்கி, இறவாணத்தை நீட்டி இறக்கியதெல்லாம் அதற்காகத்தான்.

கடைசியாக நவராத்திரி மண்டபம். அதுவரை மரத்திலேயே நடந்துவிட்டுத் திடீரென்று கல்லுக்குள் நுழைவீர்கள். தூண்களில் விளக்கேந்திய பாவைகள், கண்ணாடிபோல் மின்னும் தரை. அரச குடும்பத்துப் பெண்கள் ஆடல் பாடலைப் பார்க்க மரச் சல்லடைத் தடுப்பும் இருக்கிறது. நீங்கள் விரும்பும் மதுரைப் பாணியின் உறவு இங்கேதான் தெரியும். தமிழகத்துக் கல் வேலையும் மலைநாட்டு (கேரளத்து) மர வேலையும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. இது இந்த அரண்மனையின் பெரிய சிறப்பு.

காலி அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அரச குடும்பம் இடம்பெயர்ந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வாடகைச் சாமான்களைக் கொண்டுவந்து நிரப்பி வேடிக்கை காட்டாமல் கட்டடத்தை அதன் போக்கில் விட்டிருப்பது நல்லது என்றே கருதுகிறோம்.

கறுப்புத் தரையை முட்டையின் வெள்ளைக்கருவில் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா? எப்படிச் செய்வது?
– கட்டடக்கலை மாணவர், தஞ்சாவூர்

வெள்ளைக்கரு சேர்ந்தது உண்மை. ஆனால் அது மட்டுமே அல்ல. அடிப்படைப் பொருள் சுண்ணாம்புதான். அதோடு நைசான மணல், சுட்ட தேங்காய்ச் சிரட்டையின் கரி, வெள்ளைக்கரு, வெல்லநீர், செடிச் சாறுகள் சேர்ந்த கலவை என்பதே வழிவழியாக வரும் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாகிறது. வெல்லநீர் கலவையை இளக்கி, தேய்க்க வசதியாக்குகிறது. வெள்ளைக்கரு புரதப் பொருள், சுண்ணாம்போடு சேர்ந்து நுண்துளைகளை அடைக்கிறது. அதனால் தண்ணீர் இறங்குவது குறைகிறது. சிரட்டைக் கரி நிறத்துக்கு. மரக் கரியைவிடச் சிரட்டைக் கரி கெட்டி, அரைத்தால் மாவாகும்.

பளபளப்பு எந்த எண்ணெயாலும் வருவதல்ல. மேல்பூச்சு பாதி இறுகிய நிலையில் வழுவழுப்பான கூழாங்கல்லால் அழுத்தி அழுத்தி, மணிக்கணக்கில் தேய்ப்பதால் வருவது. சீக்கிரம் தேய்த்தால் பூச்சு கல்லோடு ஒட்டிக்கொண்டு பெயரும். நேரம் தாழ்த்தினால் தேய்த்தாலும் மின்னாது, கீறல் மட்டும் விழும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, ஆனால் ஈரம் விரலில் தெரிய வேண்டும். அந்தப் பதம்தான் நேரம்.

செய்து பார்க்க விரும்பினால் 1 அடிக்கு 1 அடி பலகையில் தொடங்குங்கள். அடிப்பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் போதும். மேலே போகப் போக மணலைக் குறைத்து, கடைசிப் பூச்சில் சுண்ணாம்பையும் கரியையும் மட்டும் மெல்லியதாக இழையுங்கள். வழக்கமாக மூன்று இடங்களில் கெடும். சுண்ணாம்பு சரியாக நீறாமல் இருந்தால், பூசி வாரங்கள் கழித்து உள்ளே இருக்கும் கட்டி ஈரம் வாங்கி உப்பி, தரையில் சிறு சிறு குழியாகத் தெறிக்கும். குறைந்தது சில வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பை வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்தது வெயில். பூச்சு வேகமாகக் காய்ந்தால் நரம்பு நரம்பாக வெடிக்கும், ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். மூன்றாவது, 'உறுதிக்கு' என்று சிமென்ட் சேர்ப்பது. சிமென்டும் சுண்ணாம்பும் ஒரே வேகத்தில் இறுகுவதில்லை. தேய்க்கும் பதம் வருவதற்குள் கெட்டித்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சிலும் சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் உண்டு. அந்தத் தொழில் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து உங்களுக்கு அது பக்கம். புத்தகத்தைவிட அவர்கள் கைப்பதத்தைப் பார்ப்பதே மேல்.

இன்னொன்று: இந்தத் தரைகளை எலுமிச்சை, புளி, அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் எதனாலும் துடைக்கக் கூடாது. சுண்ணாம்பைக் கரைத்துவிடும். சுற்றுலா வந்தவர்கள் சிந்தும் எலுமிச்சைச் சாறும் குளிர்பானமும்கூட ஆபத்துதான்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70 வயது. இருவருக்கும் முழங்கால் வலி. அழைத்து வரலாமா?
– வாசகி, சென்னை

அழைத்து வாருங்கள், ஆனால் முழுவதும் பார்த்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். மாடிப்படிகள் மரம், குறுகலானவை, செங்குத்தானவை. வாசல் நிலைகள் தாழ்வு, குனிந்து போக வேண்டும். மின்தூக்கி கிடையாது. ஏறிய படியிலேயே இறங்க முடியாது என்பதும் கவனிக்க வேண்டியது. பார்வையாளர் போக்கு பெரும்பாலும் ஒருவழி, ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்குவதுபோல் அமைந்தது. பாதியில் திரும்பினால் எதிரே வரும் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆகவே பூமுகத்தை நன்றாகப் பார்த்த பிறகு, மாடி ஏறுவதற்கு முன்பே அங்கிருக்கும் ஊழியரிடம் சொல்லி, ஏறாமல் பார்க்கக்கூடிய பகுதிகளுக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள். தரைத்தளத்தில் பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது. அருங்காட்சியகக் கட்டடமும் தனியாக இருக்கிறது. கல்வெட்டுகள், சிற்பங்கள், நாணயங்கள் அங்கே.

காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாமே என்று தோன்றும். அந்த வழவழத் தரையிலும் தேய்ந்த மரப்படியிலும் காலுறை வழுக்கும். வெறுங்கால்தான் பத்திரம். வெயில் ஏறியபின் முற்றத்துக் கற்கள் சுடும் என்பதால் காலை 9 மணி வருகை இவர்களுக்கு இன்னும் அவசியம்.

64 மூலிகை மரங்களால் செய்த கட்டில், சுரங்கப்பாதை, 38 கிலோ கல்: இவற்றில் எது உண்மை?
– வாசகர், ஈரோடு

கட்டில் இருக்கிறது. உப்பரிகை மாளிகையில், மன்னரின் பள்ளியறையில் வைத்திருக்கிறார்கள். பல மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வேலைப்பாடு கண்ணுக்கே தெரியும். 64 வகை மூலிகை மரங்கள் என்பதும் டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பதும் அங்கே சொல்லப்படும் செய்தி. படுத்தால் நோய் தீரும் என்பதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். மரவேலையின் நேர்த்தி அதனால் குறைந்துவிடாது.

தாய்க் கொட்டாரத்திலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குப் போகும் சுரங்கப்பாதை ஒன்று இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது அடைபட்டிருக்கிறது, பார்வையாளர் போக முடியாது.

கல்லும் இருக்கிறது. 38 கிலோ எடையுள்ள அந்த உருண்டையை 101 முறை தலைக்கு மேல் தூக்கினால்தான் படையில் சேர்ப்பார்கள் என்று விளக்குவார்கள். எடையை ஏற்கலாம். 101 என்ற எண்ணிக்கையைச் செவிவழிச் செய்தியாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டுப்புரையை (சாப்பாட்டுக் கூடத்தை) பற்றிய கணக்கு, அதாவது ஒரே நேரத்தில் 2000 பேருக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பது, அந்த இரண்டு தளக் கூடத்தின் நீளத்தைப் பார்த்தால் நம்பக் கூடியதாகவே இருக்கிறது. ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பரணிகளும் (ஜாடிகளும்) அங்கே இருக்கின்றன.

மணிமாளிகைக் கடிகாரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்களே என்பது எங்கள் குறை. எடைகள் இறங்குவதால் ஓடும் பழைய இயந்திரம். முழுமணி நேரத்தில் அந்தப் பக்கம் நின்றால் அடிப்பதைக் கேட்கலாம்.

உப்பரிகை மாளிகையின் மேல்மாடியில் அற்புதமான சுவரோவியங்கள் இருப்பதாகப் படித்தேன். விடமாட்டேன் என்கிறார்களே?
– ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

சாதாரணப் பார்வையாளருக்கு அந்தத் தளம் பொதுவாகத் திறப்பதில்லை. அந்த முடிவு சரியானது என்றே சொல்வோம். நான்கு தளம் கொண்ட மாளிகையின் உச்சியில் பத்மநாப சுவாமிக்கென்று விட்ட பூசையறை அது. சுவர்களில் அனந்தசயனம், கிருஷ்ணலீலை, சிவன், சாஸ்தா என்று தெய்வ உருவங்கள்.

மலைநாட்டுச் சுவரோவியம் ஈரச்சுவரில் தீட்டுவதல்ல, உலர்ந்த சுவரில் தீட்டுவது. சுண்ணாம்பும் மணலும் பூசிய சுவரின்மேல், இளநீரில் கரைத்த சுண்ணாம்பை 25 முறைக்குக் குறையாமல் மெல்ல மெல்லப் பூசி வெண்தளம் உண்டாக்குவார்கள். காவிச் சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து, கறுப்பு விளக்குப் புகைக் கரியிலிருந்து, பச்சை நீலஅவுரிச் சாறும் ஒருவகை மரப்பிசினும் கலந்து. வெள்ளைக்கு அந்தச் சுவரே. வேப்பம்பிசின்தான் வண்ணத்தைப் பிடித்து வைக்கிறது. ஆக, வண்ணம் சுவருக்குள் ஊறவில்லை, மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. வேர்வைக் கை ஒருமுறை உரசினாலும் கொஞ்சம் போகும். மண் நிறங்கள் தாங்கும், செடியிலிருந்து எடுத்த பச்சை வெளிச்சத்தில் மங்கும். சின்ன அறையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் நின்று மூச்சு விட்டால் ஈரமும் ஏறும். கீழே இருக்கும் மரத்தளத்தின் பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்காகப் பார்க்க வேண்டுமென்றால் நிறுவனத்தின் கடிதத்தோடு கேரளத் தொல்லியல் துறை இயக்குநருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வாசலில் வந்து நின்று கெஞ்சுவதால் பலன் இல்லை. அங்கிருக்கும் ஊழியருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கேமரா கொண்டு போகலாமா?
– வாசகர், சேலம்

கேமராவுக்குத் தனிக் கட்டணம், வீடியோவுக்கு அதைவிடக் கூடுதல். கைப்பேசிக்கும் பொருந்துமா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், விதி அவ்வப்போது மாறுகிறது. சில பகுதிகளில் படம் எடுக்க அனுமதி இல்லை. பளிச்சிடும் விளக்கை எங்குமே போடாதீர்கள். கறுப்புத் தரையில் அது வெள்ளைப் பொட்டாக விழுந்து படத்தையே கெடுக்கும். மந்திரசாலையில் கேமராவைத் தாழ்த்தி, தரையில் ஜன்னல் விழும் கோணத்தில் எடுங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 40 பேரை அழைத்து வருகிறோம். எப்படித் திட்டமிடுவது?
– ஆசிரியர், விருதுநகர்

மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை கேட்க தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், பெயர்ப்பட்டியல் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 40 பேரையும் ஒரே வரிசையாக உள்ளே விட்டால் முன்னால் போகிறவனுக்கு மட்டுமே விளக்கம் கேட்கும், பின்னால் வருகிறவர்கள் மாடிப்படியில் நெருக்குவார்கள். 10 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று நான்கு குழுவாக்கி 10 நிமிட இடைவெளியில் விடுங்கள். முதல் குழு 9 மணிக்குப் போனால் கடைசிக் குழு 9.30-க்குப் போகும். எல்லாரும் 12 மணிக்குள் வெளியே வந்துவிடலாம்.

செருப்புக் குழப்பம் கட்டாயம் வரும். குழுவுக்கு ஒரு சாக்குப்பை கொண்டுவந்து, செருப்பை அதில் போட்டுக் கட்டிவிடுங்கள். தோள்பைகளைப் பேருந்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். குறுகிய தாழ்வாரத்தில் திரும்பும்போது முதுகுப்பைதான் சுவரையும் தூணையும் உரசும். உள்ளே சாப்பிட எதுவும் வேண்டாம்.

'முடிந்ததும் கட்டுரை எழுது' என்று சொன்னால் பலகையில் இருப்பதை நகலெடுப்பதோடு நின்றுவிடுவார்கள். பார்க்க வைக்கும் வேலையாகக் கொடுங்கள். விதானத்துத் தாமரைகளில் மூன்றை வரைந்து வா. முற்றத்தில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று கண்டுபிடி. ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கொளுவிய ஓர் இணைப்பைக் கண்டுபிடித்துப் படம் போடு. மரம் முடிந்து கல் தொடங்கும் இடம் எது? இந்த நான்கு போதும். மார்த்தாண்ட வர்மாவின் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்களும் உள்ளே உண்டு. அவர் டச்சுக்காரர்களை வென்ற 1741 குளச்சல் போரை வகுப்பிலேயே சொல்லிவிட்டு வந்தால் அந்த ஓவியத்தின் முன் பிள்ளைகள் தாங்களாகவே நிற்பார்கள். வளாகத்தில் குற்றவாளியை அடைத்துத் தொங்கவிட்ட ஆள் வடிவ இரும்புக் கூடு இருக்கிறது. சின்ன வகுப்புக் குழந்தைகளாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லித் தயார்படுத்துவது நல்லது.

நவராத்திரி சமயத்தில் வரலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக என்றால் கட்டாயம் வாருங்கள். கொட்டாரத்தைப் பார்ப்பதற்காக என்றால் வேறு நாள் பாருங்கள்.

அரண்மனை வளாகத்துச் சரசுவதி தேவியை, வேளிமலைக் குமாரகோவில் முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலம் தொட்டு வரும் வழக்கம். கம்பர் பூசித்த சரசுவதி, அவரால் சேர மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டவள் என்பது ஐதீகம். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடந்த பிறகே ஊர்வலம் புறப்படும். இரு மாநில அரசுகளின் சார்பிலும் ஆட்கள் வருவார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, நவராத்திரி தொடங்குவதற்கு முன் திருவனந்தபுரம் சேரும். ஆகவே நவராத்திரி முதல் நாள் இங்கே வந்தால் தேவி இருக்க மாட்டாள், அதற்குச் சில நாள் முந்தியே வர வேண்டும். ஆண்டுதோறும் தேதி மாறும், தக்கலையில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மதியத்துக்குள் அரண்மனை முடிந்துவிட்டால் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

கோட்டைக்குள்ளேயே கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் இருக்கிறது. சிவராத்திரியன்று குமரி மாவட்டத்தில் நடக்கும் சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் ஒன்று. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அரண்மனையை 11 மணிக்கு முடித்தால்தான் தரிசனம் கிடைக்கும்.

பிறகு நாகர்கோவில் திசையில் புலியூர்க்குறிச்சிக்கு வந்தால் உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்தவர். 1777-ல் இறந்த அவரது கல்லறை கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது. கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்திருக்கிறார்கள். வனத்துறையின் பூங்கா இப்போது அங்கே இருப்பதால் பலர் விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைக்கு வழி கேட்டுப் போங்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் குமாரகோவில் பக்கம்தான். பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் திருவட்டாறு போகும் திசையில் இருப்பதால் அதற்குத் தனியாக ஒரு மாலைப் பொழுது வைத்துக்கொள்வது உத்தமம். தக்கலைச் சந்தைப் பக்கம் மட்டிப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்ததாக வாங்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், திண்டுக்கல் வரை தாங்காது.